ஜனவரி ஐந்து வரை கோடைகாலம்

ஜோதிலிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் டெல்லி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மே மாதத்தில் அங்கே அடிக்கும் வெயில் நம் ஊர் வெயிலைப் போல வியர்வையோடு விடாது. ஆளையே வற்றலாகப் போட்டுவிடும். அந்த வெயிலை நம்பிப் பிழைத்தவர் அவர். ஊரே மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்க்கும். அவர் மட்டும் மழை வந்து தொலைத்துவிடுமோ என்று பார்ப்பார்.

அவர் வேலை பார்த்தது ஒரு நகரசபையின் மண்டல அலுவலகம். எந்த மண்டலம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், விட்டுவிடுவோம். கோடை வந்தால் அங்கே அதிகாரியின் அறை ஜன்னல்களில் வெட்டிவேர் பின்னிய தட்டிகளைக் கட்டுவார்கள். தட்டி ஈரமாக இருந்தால் வெளியே அடிக்கும் அனல் காற்று உள்ளே வரும்போது குளிர்ந்து, வாசனையோடு வரும். தட்டியை ஈரமாக வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை வாளியும் குவளையுமாக ஜன்னலுக்கு வெளியே நின்று அரை மணிக்கொரு தரம் தண்ணீரை வீச வேண்டும். அந்த ஆளுக்கு ஃபைலில் ஸீஸனல் வாட்டர்மேன் என்று பெயர். ஏப்ரல் ஒன்றாம் தேதி எடுப்பார்கள். செப்டம்பர் பதினைந்தாம் தேதி வாளியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

பதினைந்து கோடைகளாக ஜோதிலிங்கம்தான் அங்கே வாட்டர்மேன். ஊர் சேலம் ஜில்லாவில் ஆத்தூர் பக்கம். கட்டட வேலைக்கென்று டெல்லிக்கு வந்தவர், பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரத்தில், தமிழர்கள் குடியிருந்த மதராசி கேம்ப்பில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மனைவி அருக்காணி அதே நகரசபையில் தெருக்கூட்டும் வேலையில் இருந்தாள், அவள் பர்மனென்ட். கணவர் வருஷத்தில் பாதி உத்தியோகஸ்தர், பாதி மூட்டை தூக்குகிறவர். போன குளிர்காலத்தில் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவரால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. அடுத்த செப்டம்பருக்கு அப்புறம் மூட்டை தூக்க முடியாது என்பது அவருக்கே தெரியும்.

அந்த நகரசபையில் வேலையாட்களின் தலையெழுத்தை எழுதுவது பணியாளர் கமிட்டி. ஓட்டு வாங்கி வந்த மெம்பர்கள் பதினோரு பேர். யாருக்கு என்ன சம்பளம், துடைப்பக்காரர்கள் காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும், கம்பளி ஜெர்சி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதெல்லாம் அவர்கள் தீர்மானம். தற்காலிக ஆள் ஒருவர் இடைவெளி விடாமல் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்திருந்தால் அவரைப் பர்மனென்ட் ஆக்கலாம் என்று அவர்களே ஒரு விதியும் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தால் ஒரு கோடைக்கு நூற்று நாற்பத்து நான்கு நாள்தான் தேறும். தொண்ணூற்றாறு நாள் துண்டு விழும். இன்னொரு விதி, நாற்பத்தெட்டு வயதானவரை எந்தக் காரணத்தைக் கொண்டும் பர்மனென்ட் ஆக்கக் கூடாது. ஜோதிலிங்கத்துக்கு அடுத்த பிப்ரவரியில் நாற்பத்தெட்டு.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பர் பதினாலாம் தேதி, மறுநாள் வாளியைக் கொடுக்க வேண்டுமே என்ற துக்கத்தில் அவர் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன் ஹெட்கிளார்க் பூவராகவனைப் போய்ப் பார்த்தார். பூவராகவன் ஸ்ரீமுஷ்ணத்துக்காரர். மனைவிக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். அந்தப் புண்ணியத்தில் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். முப்பது வருஷமாக விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவருக்கெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பியவர். வரும் மார்ச்சில் ரிட்டயர் ஆகப் போகிறார். இத்தனை விதிகளைக் கரைத்துக் குடித்தும் ஒரு ஜீவனுக்காவது உண்டு என்று சொல்லவில்லையே என்று அவருக்கு அந்த வருஷம் என்னவோ மனசில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஜோதிலிங்கம் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டினார், திரும்ப முதலிலிருந்து புரட்டினார். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஜோதிலிங்கம், கோடை செப்டம்பர் பதினஞ்சோட முடியறதுன்னு உனக்கு யார் சொன்னா?"

"எப்பவும் அதானுங்களே சார்."

"அது வழக்கம். ரூல்ல தேதியே கிடையாது. கோடைகாலம்னா கமிட்டி அவ்வப்போது தீர்மானிக்கற காலம்னு போட்டிருக்கு. கமிட்டி முடிஞ்சதுன்னு சொன்னாத்தான் முடியும். சூரியனே வந்து சொன்னாலும் செல்லாது."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கமிட்டி ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய் கூடும். பூவராகவன் இராத்திரியோடு இராத்திரியாக ஒரு நோட் போட்டு, கோடைகாலத்தை இரண்டு வாரம் நீட்டிக்கலாம் என்று அஜெண்டாவில் பதினாலாவது ஐட்டமாகச் சொருகினார். அந்த வருஷம் மழை அடியோடு பொய்த்திருந்தது. செப்டம்பரிலும் தார் ரோடு செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது. மெம்பர்கள் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பாஸ், பாஸ் என்றார்கள். உலகத்தில் முதல் தடவையாகக் கோடைகாலம் ஓட்டெடுப்பில் ஜெயித்தது.

அந்தக் கமிட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒரு தடவை நீட்டித்ததை அடுத்த தடவை கண்ணை மூடிக்கொண்டு நீட்டிக்கும். குத்தகை, டெண்டர், தற்காலிகப் பதவி எதுவானாலும் 'முன்போலவே இரண்டு வாரம்' என்று கிளார்க் படிப்பார், தலைவர் தலையாட்டுவார், தின்னக் கச்சோரி வரும். அந்தப் பழக்கத்தின் மேல்தான் பூவராகவன் தன் கோட்டையைக் கட்டினார். செப்டம்பர் கடைசியிலும் பாஸ். அக்டோபர் நடுவிலும் பாஸ். தீபாவளியன்று ஊரெல்லாம் வெடி வெடித்துக்கொண்டிருக்க, பூட்டிய அலுவலகத்தின் பூட்டிய ஜன்னலில் ஜோதிலிங்கம் மட்டும் அரை மணிக்கொரு தரம் தண்ணீர் வீசினார். காவல்காரச் சௌகிதார் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி ஒரு மெம்பருக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்துவிட்டு, இன்னுமா கோடை என்று கேட்டார். அறையில் எல்லோரும் கொஞ்சம் விழித்துக்கொண்டார்கள். தலைவர் யோசித்தார். முடிந்துவிட்டது என்று சொன்னால் எந்தத் தேதியில் முடிந்தது என்று ஆடிட்டில் கேட்பார்கள். முன்னாடியே முடிந்திருந்தால் போன தடவை ஏன் நீட்டித்தீர்கள் என்பார்கள். அதற்கு யார் பதில் சொல்வது? தும்மியவரைப் பார்த்து, நீங்கள் சொல்கிறீர்களா என்றார். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கட்சி மெம்பர் எழுந்து, கோடையை நீட்டித்தது தொழிலாளிகளுக்குக் கிடைத்த வெற்றி, இதில் எங்கள் கட்சிக்கும் பங்கு உண்டு என்று பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்தார்கள். அதற்குமேல் கோடையை முடிக்கும் தைரியம் எந்தக் கட்சிக்கும் இல்லாமல் போயிற்று.

இதுவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. வினை நவம்பரில்தான் வந்தது. கோடை என்றால் வெட்டிவேர்த் தட்டி மட்டுமா? கோடைக்கென்று நகரசபையில் ஒரு மூட்டை விதிகள் இருந்தன. எல்லாம் சேர்ந்து விழித்துக்கொண்டன. கோடையில் துடைப்பக்காரர்கள் காலை ஐந்து மணிக்கு வர வேண்டும். குளிர்காலத்தில்தான் ஏழு மணி. ஆகவே பனிமூட்டத்தில் முன்னால் போகிறவர் முதுகு தெரியாத நேரத்தில் நானூற்றுப் பத்துப் பேர் ரோட்டில் நின்றார்கள். கோடையில் வெயில் தாக்காமலிருக்க உப்பு மாத்திரை கொடுக்க வேண்டும், கொடுத்தார்கள். சதுக்கத்துக்குச் சதுக்கம் மண்பானையில் ஐஸ் போட்டுத் தண்ணீர் வைக்க வேண்டும், வைத்தார்கள். வெளிவேலைக்காரர்கள் பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிழலில் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. டெல்லிக் குளிரில் மனுஷன் கொஞ்சம் உயிரோடிருப்பது அந்த நாலு மணி நேர வெயிலில்தான். மேற்பார்வை மாஸ்டர்மார்கள் விசில் ஊதி எல்லோரையும் அதிலிருந்து விரட்டி மரத்தடிக்கு அனுப்பினார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஜெர்சி. நீலக் கம்பளி ஜெர்சிகள் நானூற்றுப் பத்தும் ஸ்டோரில் மடித்து வைத்து, கதவில் பூட்டும் போட்டிருந்தது. குளிர்காலம் என்று கமிட்டி அறிவித்தால்தான் பூட்டைத் திறக்கலாம். யூனியன்காரர்கள் ஒருநாள் வந்து கத்தினார்கள். கோடை நீட்டிப்பை வரவேற்று அவர்களே கொடுத்திருந்த கடிதத்தைப் பூவராகவன் எடுத்துக் காட்டியதும் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மண்டல அதிகாரி பாட்டியா சாகிப்பின் பாடு தனி. தட்டி ஈரமாக இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஹீட்டரை வெளியே எடுக்கக் கூடாது. ஓவர்கோட், மஃப்ளர், இரண்டு ஜோடி சாக்ஸ் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வெட்டிவேர் வாசனையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதில் அவர் கையெழுத்து மாறிப்போய், பாங்கில் செக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் நாற்காலியைப் புல்தரையில் வெயிலில் போட்டுக்கொண்டு ஃபைல் பார்த்தார். வெளியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் வெளிவேலைக்காரர், பகலில் அவரும் நிழலில்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து வந்த இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனார். சாகிப்புக்கு முன்னிருந்த மண்டல அதிகாரி கமிட்டித் தீர்மானம் ஒன்றை மதிக்காமல் ஊர்க்கோடிக்கு மாற்றலாகிப் போனவர். பாட்டியா சாகிப் நாற்காலியை உள்ளே தூக்கிக்கொண்டார். ஜன்னல் வழியாக ஜோதிலிங்கத்தைச் சகோதரன் முறையில் அழைத்து, பையா, தண்ணீரைக் கொஞ்சம் மெதுவாக வீசு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

ஜோதிலிங்கத்துக்கு ஆபீஸ் ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. வீடுதான் கஷ்டமாக இருந்தது. அருக்காணி நாலு மணிக்கு எழுந்து, பழைய புடவையை நாலாக மடித்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். கிளம்பும்போது தினமும் ஓர் அர்ச்சனை நடக்கும். எவனோ ஒரு கட்டையில போறவன் உக்காந்துக்கிட்டு இன்னும் கோடை கோடைன்னு எழுத வெக்கறானாம், அவன் கை விளங்காமப் போக, அவன் குளிர்ல வெறைக்க என்று ஆரம்பித்து, அவனைப் பெற்றவள், கட்டிக்கொண்டவள் வரைக்கும் போய் முடிப்பாள். கட்டிக்கொண்டவள் தான்தான் என்று அவளுக்குத் தெரியாது. மண்டியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்திருப்பதாக அவர் அவளிடம் சொல்லிவைத்திருந்தார். ஜோதிலிங்கம் அடுப்பை ஊதிக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார். அவளுக்கு முன்னால் எழுந்து வெந்நீர் போடுவதும் டீ போடுவதும் அந்தக் கார்த்திகையில்தான் அவருக்குப் பழக்கமாயிற்று. என்ன இந்த மனுசன் புதுசா மாறிட்டாரு என்று அவள் சந்தோஷப்பட்டாள். அது அவரை இன்னும் வதைத்தது.

இது எத்தனை நாளைக்கு மறைந்திருக்கும்? டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, அருக்காணியோடு ஒரே தெருவில் கூட்டும் இந்திராணி ஜெர்சியைப் பற்றிக் கேட்க மண்டல அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். நடுக்குளிரில் ஒருவர் ஜன்னலுக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தாள். யாரென்று பார்த்தால் அருக்காணி வீட்டுக்காரர். பியூனைக் கேட்டதும் அவன் ஆதியோடந்தமாகக் கதையைச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் அருக்காணி கணவரை எதிரில் உட்காரவைத்து இது நிஜமா என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் எத்தனை நாள் என்று கேட்டாள். பதினாலு என்றார். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை காலையில் இந்திராணி கூட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே இருமி இருமி ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, பத்து நாள் படுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அருக்காணிதான் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுபோனாள். அன்றைக்கும் அவள் கணவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் செவ்வாய். ஜோதிலிங்கம் முதல் வாளியை ஊற்றிவிட்டு நேரே பூவராகவனிடம் போய் ஒரு காகிதத்தை நீட்டினார். எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஹிந்தியில் எழுதி வாங்கியது. கோடைகாலம் முடிந்துவிட்டபடியால் அதை முடித்துவிடும்படி மிகவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் என்று அதில் இருந்தது. பூவராகவன் இரண்டு தடவை படித்தார்.

"என்ன பைத்தியக்காரத்தனம். இன்னும் பன்னெண்டு நாள்தானே."

"அதுக்குள்ள ஒரு உசுரு போயிருச்சுன்னா, நான் பர்மனென்ட்டாயி என்னாங்க சார் பண்றது? என் பொண்டாட்டி என் மூஞ்சியவே பாக்க மாட்டேங்கறா."

பூவராகவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் காகிதம் என்று ஒன்று கையில் வந்துவிட்டால் அவருக்குள்ளிருந்த ஹெட்கிளார்க் சும்மா இருப்பாரா? புத்தகத்தைப் பார்த்தார். வேலை நிலைமை பற்றிக் கமிட்டிக்கு மனுப் போடும் உரிமை பர்மனென்ட் ஊழியருக்கு மட்டுமே உண்டு. ஸீஸனல் ஆள் கோடையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அதாவது ஜோதிலிங்கம் கோடையை முடிக்கச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் பர்மனென்ட் ஆக வேண்டும். பர்மனென்ட் ஆக வேண்டுமானால் கோடை முடியாமலிருக்க வேண்டும். இதைப் பூவராகவன் மிகுந்த வருத்தத்தோடு விளக்கி, மனுவைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மத்தியானம் கமிட்டி, முன்போலவே இரண்டு வாரம் என்று ஜனவரி ஐந்து வரை நீட்டித்துவிட்டுக் கலைந்தது.

"அப்ப நாளையிலேருந்து நான் வரலைங்க சார்."

"ஒரு நாள் விட்டாலும் இருநூத்து இருபத்தெட்டு நாளும் சைபர். புரியறதா?"

"சைபராவே இருக்கட்டுங்க."

புதன்கிழமை அவர் போகவில்லை. இனிமேல் போகப் போவதில்லை என்று முந்தின இராத்திரியே அருக்காணியிடம் சொல்லியிருந்தார். அருக்காணி கிளம்பிப் போனபின் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கிடந்தார். பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக வாளியை ஞாபகப்படுத்திக்கொள்ளாமல் இருக்க முயற்சி செய்தார்; கை தானாக அரை மணிக்கொரு தரம் அசைந்தது. எட்டரை மணிக்குத் தெருவேலைக்கு நடுவில் அருக்காணி உள்ளே வந்தாள். வந்த வேகத்தில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, எந்திரிங்க. இந்திராணியப் பாத்துட்டுத்தான் வரேன். நீங்க வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னேன், எம்மேல எரிஞ்சு விழறா. நானூறு பேரு ரெண்டு மாசமா நடுங்கியிருக்கோம், அது ஒருத்தருக்குக்கூட ஆவாமப் போச்சுன்னா நாங்க எதுக்குடி நடுங்குனதுங்கறா. போயி தண்ணிய ஊத்தச் சொல்லுங்கறா."

"நீ என்னா சொல்ற?"

"நானும் அதான் சொல்றேன். எனக்கு ஆத்திரம் தீரல, தீரும்போது பேசறேன். இப்ப ஓடுங்க."

சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடினார். பனியில் பஸ் நம்பர் தெரியவில்லை. கண்டக்டரைக் கேட்டுக் கேட்டு மூன்றாவது பஸ்ஸில் ஏறினார். ஆபீஸ் வாசலில் இறங்கும்போது ஒன்பதே கால். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்துக்கொண்டு பின்பக்கம் போனவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னலுக்கு முன்னால் குரங்குக் குல்லாய், அதற்குக் கீழே நெற்றியில் திருமண், முழங்கால்வரை மடித்த பேன்ட். பூவராகவன் வாளியும் குவளையுமாக நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வீசிப் பழக்கமில்லாததால் தட்டிக்குப் போனதைவிட அவர் மேல் விழுந்ததுதான் அதிகம். உள்ளேயிருந்து பாட்டியா சாகிப், இன்றைக்குத் தண்ணீர் ரொம்ப ஜாஸ்தி வருகிறதே பையா என்று பரிதாபமாகக் குரல் கொடுத்தார். பூவராகவன் பற்கள் கிட்டிப் போயிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. ஜோதிலிங்கத்தைக் கண்டதும் குவளையை அவர் கையில் திணித்துவிட்டு, வருகைப் பதிவில் ஒன்பது மணி என்று தான் போட்டுவிட்டதாகவும், உத்தியோகத்தில் தான் எழுதிய முதல் பொய் அதுதான் என்றும் ஜாடையாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் கணத்தில் ஜோதிலிங்கத்துக்கு அந்த மனிதரை விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது. விழுந்தால் எழ முதுகு இடம் கொடுக்காது என்பதால் கையை மட்டும் கூப்பினார்.

அதற்கப்புறம் கேம்ப்பில் நாள் எண்ணுவது ஊர்வேலை ஆயிற்று. இருநூற்று முப்பத்து மூன்று, முப்பத்து நாலு என்று குழாயடியில் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். காலையில் ஐந்து மணிக்கு மூக்கில் நீர் வடியத் துடைப்பத்தோடு போகிறவர்கள் ஜோதிலிங்கத்தின் குடிசையைத் தாண்டும்போது, என்னா வெக்கை, தாங்கலடியம்மா என்று உரக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அது கிண்டலா ஆசீர்வாதமா என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஜனவரி ஐந்தாம் தேதி, இருநூற்று நாற்பதாவது நாள். கமிட்டி கூடும் செவ்வாயும் அதுதான். இரண்டு ஐட்டங்களைப் பூவராகவன் தயார் செய்திருந்தார்: ஒன்று ஜோதிலிங்கத்தைப் பர்மனென்ட் ஆக்குவது, அடுத்தது கோடையை முடிப்பது. டைப் அடித்தவர் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் அடித்துவிட்டார். பகல் பதினொன்றரைக்குக் கிளார்க் கோடை முடிவு என்று படிக்கத் தொடங்கியபோதுதான் பூவராகவன் அதைக் கவனித்தார். அந்த நிமிஷத்தில் கோடை முடிந்தால் ஜோதிலிங்கத்தின் கணக்கில் இருநூற்று முப்பத்தொன்பதே கால் நாள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் கமிட்டி அறையில் வாய் திறக்காத மனிதர் எழுந்து நின்றார்.

"இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோடுன்னு சேத்துக்கணும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். பதற்றத்தில் அவருக்கு ஹிந்தி வரவில்லை.

யாருக்கும் புரியவில்லை. புரியாதது எதுவோ அது விதியாகத்தான் இருக்கும் என்று தலைவர் மரியாதையாகத் தலையாட்டினார். அப்புறம் பூவராகவன் சுதாரித்துக்கொண்டு ஹிந்தியில் எழுதிக் கொடுத்தார். கோடைகாலம் அன்று மாலை ஐந்து மணிக்கு முடிவதாகத் தீர்மானம் ஆயிற்று. எதிர்க்கட்சி மெம்பர் எழுந்து, குளிர்காலம் தொழிலாளிகளின் வெற்றி என்று பதிவு செய்யச் சொன்னார். அடுத்த ஐட்டத்தில் ஜோதிலிங்கம் பர்மனென்ட் ஆனார். ஐந்து மணிக்குக் கடைசிக் குவளையை வீசிவிட்டு அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தபோது, உள்ளே பாட்டியா சாகிப் தானே ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

புதன்கிழமை காலை பர்மனென்ட் ஊழியராக அவருக்குக் கிடைத்த முதல் டியூட்டி ஸ்டோரில். ஜெர்சி வழங்க வேண்டும். பூவராகவன் பெயரைப் படிப்பார், ஜோதிலிங்கம் எடுத்துக் கொடுப்பார். ஸ்டோர் வாசலிலிருந்து சாலை திருப்பம் வரை வரிசை நின்றது. அவர் மேலே இருந்தது வாட்டர்மேனுக்குக் கொடுத்த அரைக்கைக் காக்கிச் சட்டை. கம்பளி ஜெர்சி பர்மனென்ட் ஊழியருக்கு இரண்டாவது குளிர்காலத்திலிருந்துதான் உண்டு என்று விதி. அவருக்கு இது முதலாவது. ஸ்டோர் கதவு வழியாக அடித்த காற்றில் அவர் கை மயிர் சிலிர்த்து நின்றது. அது தனக்கு வேண்டியதுதான் என்றே அவர் நினைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நீட்டிய கைகளை மட்டும் பார்த்து, வெடித்துப் போயிருந்த அந்தக் கைகளில் ஒவ்வொன்றாக ஜெர்சியை வைத்துக்கொண்டே வந்தார்.

அருக்காணி வந்தாள். பெருவிரலை மையில் தோய்த்து ரேகை வைத்தாள். ஜெர்சியை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"பர்மனென்ட்டு ஆளு எதுக்குக் குனிஞ்சு நிக்கறீங்க? நிமிந்து நின்னு குடுங்க" என்றாள். பதினெட்டு நாளில் அவளாகச் சிரித்துப் பேசியது அதுதான்.

அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வரிசையில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் இந்திராணி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, பாதியாக இளைத்திருந்தாள். அவள் முறை வந்ததும் ஜெர்சியை வாங்கி அங்கேயே தலைவழியாக மாட்டிக்கொண்டாள். பிறகு அவருடைய அரைக்கைச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு இல்லீங்களாண்ணே?"

"அடுத்த வருசந்தாம்மா. ரூலு."

இந்திராணி வரிசைப் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

"அப்ப எங்களுக்குத்தான் குளிர்காலம். அண்ணன் மட்டும் இன்னும் ஒரு வருசம் கோடையிலயே இருக்கட்டும்."

வரிசை முழுக்க வெடித்துச் சிரித்தது. ஹிந்திக்காரிகளுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் மொழிபெயர்த்துச் சொல்ல, சிரிப்பு சாலை திருப்பம்வரை போய்த் திரும்பி வந்தது. பூவராகவன் லிஸ்ட்டால் வாயை மறைத்துக்கொண்டார். ஜோதிலிங்கமும் சிரிக்கத்தான் பார்த்தார். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டதில் சிரிப்பு வரவில்லை, கண்ணில் தண்ணீர்தான் வந்தது. இரண்டு கையிலும் ஜெர்சி இருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. நிமிர்ந்தபடியே அடுத்தவளிடம் நீட்டினார்.